சிலிப்பர் கட்டையில் கீரை வளர்க்கலாமா?

பெங்களூரில் முப்பது ஆண்டு வேலை பார்த்து, வாடகை வீடுகளில் காலம் தள்ளி, கடைசியில் ஊருக்கு வெளியே முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றை வாங்கி வீடு கட்டிக்கொண்ட தமிழர்கள் ஏராளம். ஆலைத் தொழிலாளி, ரயில்வே குமாஸ்தா, வங்கிச் சிப்பந்தி என்று யாராக இருந்தாலும் ஒரு பழக்கம் மட்டும் பொது. வீடு போக மிஞ்சும் இடம் பத்தடிக்கு எட்டடிதான் என்றாலும், அதில் நாலு கீரை விதை தூவாமல் இருக்க அவர்களால் முடிவதில்லை. வட ஆர்க்காட்டிலும் தர்மபுரியிலும் விட்டு வந்த கொல்லையின் நினைவு அப்படி.

ஆனால் புது வீட்டைச் சுற்றியிருக்கும் மண் மண்ணாக இருப்பதில்லை. கொத்தனார் கொட்டிய கலவை, ஜல்லித் துண்டு, உடைந்த செங்கல், சுண்ணாம்புக் கட்டி எல்லாம் கலந்து இறுகிக் கிடக்கும். மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டினால் தண்ணீர் இறங்காமல் குளமாக நிற்கும். இதற்கு நல்ல வழி மேட்டுப் பாத்தி. நாலு பக்கமும் ஓரடி உயரத்துக்குத் தடுப்பு வைத்து, உள்ளே நல்ல மண்ணும் எருவும் நிரப்பிப் பயிர் செய்வது. தண்ணீர் தேங்காது, வேர் தாராளமாக ஓடும், வயதானவர்கள் அதிகம் குனியவும் வேண்டாம்.

தடுப்புக்கு என்ன வைப்பது என்ற கேள்வி வரும்போதுதான் பலருடைய கால்கள் பழைய மரக்கடைப் பக்கம் போகின்றன. அங்கே ஒரு மூலையில் கறுத்த, கனத்த கட்டைகள் அடுக்கியிருக்கும். ரயில் தண்டவாளத்தின் கீழ் கிடந்த சிலிப்பர் கட்டைகள். "எடுத்துக்கிட்டுப் போங்க சார், உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும். கரையான் கிட்டக்கூட வராது" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய்யல்ல. தொல்லையே அதில்தான் இருக்கிறது.

அளவெடுத்துச் செய்தது போல

அகல ரயில் பாதையின் மரக்கட்டை 2.75 மீட்டர் நீளம், 25 சென்டி மீட்டர் அகலம், 13 சென்டி மீட்டர் கனம் கொண்டது. ஏறக்குறைய ஒன்பதடி நீளம், பத்தங்குல அகலம், ஐந்தங்குலக் கனம். மீட்டர் பாதைக் கட்டை சற்றுச் சிறியது: 1.8 மீட்டர் நீளம், 20 சென்டி மீட்டர் அகலம். மூன்று பெரிய கட்டைகள் இருந்தால் போதும். இரண்டை நீளவாக்கில் வைத்து, மூன்றாவதை இரண்டாக அறுத்து இரு முனையிலும் அடைத்தால் பாத்தி தயார். ஆணி கூட வேண்டியதில்லை. கட்டையின் கனமே அதை அசையாமல் வைத்துக்கொள்ளும். தோட்டக்காரரின் கண்ணுக்கு இது அளவெடுத்துச் செய்தது போலத் தெரிவதில் வியப்பில்லை.

இந்தக் கட்டைகள் சந்தைக்கு வந்த கதை எல்லோரும் அறிந்ததே. ரயில்வே கான்கிரீட் கட்டைக்கு மாறியது. 1992ல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தில் மீட்டர் பாதைகள் பெயர்க்கப்பட்டன. பெங்களூர் - மைசூர் பாதையும் அவ்வாறு மாறியதே. கழிக்கப்பட்ட மரம் ஏலத்தில் போய், அங்கிருந்து கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் சென்றது. அதில் செய்த மேசை நாற்காலிகளை இப்போது பெரிய ஓட்டல்களில் அலங்காரமாகப் போட்டிருக்கிறார்கள்.

சரி, வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு மண்ணில் புதைந்து கிடந்த மரம் ஏன் மக்கவில்லை?

சால், தேக்கு, தேவதாரு போன்றவற்றின் வைரப் பகுதி இயல்பிலேயே உறுதியானது. அவற்றை மருந்து எதுவும் ஏற்றாமல் தண்டவாளத்தின் கீழ் போடுவதுண்டு. ஆனால் தேவை பெருகியபோது, சீர் என்னும் இமயமலைப் பைன், ஃபிர் போன்ற மெதுமரங்களையும் பயன்படுத்த வேண்டி வந்தது. இவை மண்ணில் சில ஆண்டுகளே தாங்கும். ஆகவே அவற்றுக்கு மருந்து ஏற்றினார்கள். பஞ்சாபில் தில்வான், பரேலிக்குப் பக்கத்தில் கிளட்டர்பக்கஞ்சு, அசாமில் நாகர்கட்டியா ஆகிய இடங்களில் இதற்கென்றே ரயில்வேயின் ஆலைகள் இருந்தன. பெரிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி, மூடி, உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டு, அழுத்தம் கொடுத்து மருந்தை மரத்தின் நரம்புகளுக்குள் புகுத்துவார்கள். இந்த அழுத்தமுறைக்கு இங்கிலாந்தில் ஜான் பெத்தல் என்பவர் 1838ல் காப்புரிமை பெற்றார்.

அவர் பயன்படுத்திய மருந்து கிரியோசோட். நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்தெடுக்கும் எண்ணெய் அது. கறுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் நெடி. பூஞ்சையும் கரையானும் நெருங்காததற்கு அதிலுள்ள நஞ்சே காரணம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, கிரியோசோட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. பல்லாண்டு ஆனபின்னும் அது மரத்தை விட்டு முற்றிலும் போவதில்லை. ஏப்ரல் வெயிலில் பழைய கட்டையில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். தோலில் பட்டு வெயிலும் பட்டால் எரிச்சல் எடுக்கும். ஒட்டி வளரும் செடியின் இலைகள் அதன் ஆவியில் கருகுவதும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் 2001ல் கொண்டுவந்த விதி, கிரியோசோட் ஏறிய பழைய மரத்தை வீட்டுக்குள்ளும், விளையாட்டுத் திடலிலும், தோட்டத்து மேசை நாற்காலிக்கும், செடி வளர்க்கும் தொட்டிகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது.

"நான் வாங்கியது மருந்து ஏற்றாத சால் மரம்" என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும். அது எங்கே கிடந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெயும் கிரீசும் அதன் மேல் சொட்டின. பாதையோரப் புல்லை அழிக்க அடித்த களைக்கொல்லி அதில் இறங்கியது. உயிரிக் கழிவறைகள் வரும் வரை, ஓடும் ரயிலிலிருந்து வேறு என்னவெல்லாம் அதன் மேல் விழுந்தது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்களுக்காக விட்டுவிடலாம்.

டேராடூனில் பிறந்த மருந்து

பச்சை மரம் என்று கடைகளில் சொல்வது இன்னொரு வகை. இது பச்சையாக வெட்டிய மரம் அல்ல. மருந்தின் சாயத்தால் வெளிர்பச்சை நிறம் கொண்ட மரம். இதன் வரலாறு நம் நாட்டில் தொடங்குகிறது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்பவர், 1933ல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு மருந்தைக் கண்டார். தாமிரம் பூஞ்சையைக் கொல்லும். ஆர்செனிக் கரையானையும் துளைக்கும் வண்டுகளையும் கொல்லும். ஆனால் இவை இரண்டும் மழையில் கரைந்து ஓடிவிடக் கூடியவை. குரோமியத்தைச் சேர்த்ததில்தான் காமேசத்தின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. அது மற்ற இரண்டையும் மரத்தோடு இறுகப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆர்செனிக், தாமிரம் ஆகியவற்றின் வேதியியல் குறியீடுகளைச் சேர்த்து 'ஆஸ்கு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1938ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அங்கே தந்திக் கம்பங்களிலிருந்து வீட்டுத் திண்ணை வரை அது பரவியது. உலகெங்கும் காடுகளில் எத்தனையோ மரங்கள் வெட்டப்படாமல் தப்பியதற்கு இந்த இந்தியரின் மருந்தும் ஒரு காரணம். பத்து ஆண்டில் மாற்ற வேண்டிய கம்பம் முப்பது, நாற்பது ஆண்டு நின்றால் காட்டுக்கு லாபம்தானே?

கம்பத்துக்குப் பொருந்தியது கீரைப் பாத்திக்குப் பொருந்தவில்லை. ஆர்செனிக் என்பது வெள்ளைப் பாஷாணத்தின் மூலப்பொருள். நீண்ட காலம் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோ கிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. குரோமியத்தைப் பற்றி வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஊர்களின் கிணறுகளைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஒரு பலகையில் எவ்வளவு இருக்கும்? மண்ணைத் தொட்டு நிற்கும் மரத்துக்கு அமெரிக்காவில் வைத்திருந்த அளவு, ஒரு கன மீட்டர் மரத்துக்கு 6.4 கிலோ மருந்து. அந்தக் கணக்குப்படி பத்தடி நீளம், எட்டங்குல அகலம், ஓரங்குலக் கனம் உள்ள ஒரே பலகையில் ஆர்செனிக் மட்டும் சுமார் 20 கிராம் இருக்கும். அதில் பெரும்பகுதி மரத்திலேயே தங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் முழுவதும் தங்குவதில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இத்தகைய மரத் திண்ணைகளின் கீழிருந்த மண்ணைச் சோதித்து 1997ல் முடிவு வெளியிட்டார்கள். பக்கத்து மண்ணில் கிலோவுக்குச் சுமார் 4 மில்லி கிராம் ஆர்செனிக் இருந்தபோது, திண்ணைக்குக் கீழே சராசரி 76 மில்லி கிராம் இருந்தது. மழை கழுவி இறக்கியது அவ்வளவு.

இதையடுத்து, குடியிருப்பு வேலைகளுக்கான மரத்துக்கு இந்த மருந்தை ஏற்றுவதை 2003ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொள்ள அமெரிக்க உற்பத்தியாளர்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். ஏற்கனவே கட்டிய திண்ணைகளை இடிக்கச் சொல்லி அந்த நாட்டு அரசு உத்தரவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். பீதி அடையத் தேவையில்லை. அதே சமயம் புதிதாகத் தேடிப் போய் வாங்கவும் தேவையில்லை.

பாத்தியில் நிலைமை திண்ணையை விடச் சற்று மோசம். தொழு உரமும் மக்கிய இலையும் ஈரமாக மரத்தை ஒட்டியே கிடக்கின்றன. அவற்றில் ஊறும் அமிலம் மருந்தை இன்னும் எளிதாக வெளியே இழுக்கும். வெளியே வந்தது மரத்தை ஒட்டிய சில அங்குல மண்ணிலேயே தங்குகிறது. தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்களுக்குள் அதிகம் ஏறுவதில்லை. முள்ளங்கி, கேரட், பீட்ரூட்டின் தோலிலும், மண் தெறித்து ஒட்டும் கீரையிலும்தான் கவனம் வேண்டும். நம் வீடுகளில் பாத்தி கட்டினால் முதலில் விதைப்பதோ கீரை! சிறுகீரை, அரைக்கீரை, பாலக், வெந்தயக் கீரை. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணை அளைந்து, அதே கையை வாயில் வைப்பதோ பேரக் குழந்தை.

அடுப்புக்குப் போகும் துண்டுகள்

பாத்தியை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கட்டையை அளவுக்கு அறுத்தபின் துண்டு துணுக்குகள் மிஞ்சும். அவற்றை நம்மவர்கள் எறிவார்களா? மாட்டார்கள். பெங்களூர்க் குளிருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து கொல்லைப்புறத்தில் விறகுப் பாய்லரோ மூன்று கல் அடுப்போ வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. மரத்தூளும் துண்டும் அங்கே போகும். காய்ந்த மரம், நன்றாக எரியும். எரிந்த சாம்பல் எங்கே போகும்? பாதி பாத்திரம் தேய்க்க, மீதி கீரைப் பாத்தியில் பூச்சிக்குத் தூவ. அம்மாவும் பாட்டியும் காலங்காலமாகச் செய்து வந்த நல்ல பழக்கம் அது. சாதாரண விறகுச் சாம்பலுக்கு அது நல்ல பழக்கமே.

மருந்தேறிய மரம் எரியும்போது மரம்தான் சாம்பலாகிறதே தவிர, ஆர்செனிக் எரிந்து அழிவதில்லை. ஒரு பகுதி புகையோடு போகும். பெரும்பகுதி சாம்பலில் தங்கும். பெரிய கட்டையில் பரவிக் கிடந்தது ஒரு கைப்பிடிச் சாம்பலில் செறிந்து நிற்கும். மரத்தில் இறுகப் பிடித்திருந்தது சாம்பலில் தண்ணீர் பட்டதும் எளிதில் கரையும். அதைத் தேங்காய் நாரில் தொட்டுச் சோற்றுப் பானையைத் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலக் கிராமம் ஒன்றில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் இத்தகைய மரத் துண்டுகளைக் குளிர்காலத்தில் வீட்டு அடுப்பில் எரித்து வந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வீட்டில் எல்லோருக்கும் நோய். தோலில் தடிப்பு, மூக்கில் ரத்தம், தசைப்பிடிப்பு, இழுப்பு, தலைமுடி கொத்தாக உதிர்தல். கோடை வந்தால் குறையும், குளிர் வந்தால் திரும்பும். மருத்துவர்கள் காரணம் தேடித் தேடிக் கடைசியில் அடுப்புச் சாம்பலில் வந்து நின்றார்கள். 1984ல் அமெரிக்க மருத்துவ இதழில் அந்த விவரம் வெளியாயிற்று.

ஆகவே, பாத்தி கட்டுபவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: இந்த மரத்தை எரிக்காதீர்கள். பாய்லரில் மட்டுமல்ல, போகிக்கும் எரிக்காதீர்கள். கிரியோசோட் கட்டைக்கும் இதே விதிதான். அதன் புகையும் நச்சுப் புகை. அறுக்க நேர்ந்தால் வெளியில் வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அறுத்து, தூளைப் பெருக்கிப் பையில் கட்டிவிட வேண்டும். அந்தத் தூளை எருக்குழியில் கொட்டவே கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி?

பழைய மரத்தில் இன்ன மருந்து ஏறியது என்று சீட்டு ஒட்டியிருக்காது. கிரியோசோட்டை மூக்கே காட்டிக்கொடுக்கும். தார் நெடி, கறுப்பு நிறம், ஆணி அடித்த துளை, தண்டவாளம் அழுத்திய பள்ளம் இவை போதும். பச்சை மருந்து அவ்வளவு எளிதில் பிடிபடாது. வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நிறம் மங்கிச் சாதாரண மரம் போலவே சாம்பல் நிறமாகிவிடும். முனையில் ஒரு துண்டு அறுத்துப் பார்த்தால், வெளி ஓரத்தில் வெளிர்பச்சை வளையமும் நடுவில் மரத்தின் இயல்பான நிறமும் தெரியும். சில மரங்களில் மருந்து உள்ளே இறங்குவதற்காக வரிசை வரிசையாகக் கத்தியால் கீறிய தழும்புகள் இருக்கும். பழைய கம்பங்கள், ஆலைகளின் நீர் குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து கழித்த மரம் ஆகியவற்றில் இந்த மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். மரம் எந்த வகை என்பதில் சந்தேகம் இருந்தால், மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

வழக்கமான மண் பரிசோதனையை நம்பி இருக்க வேண்டாம். தழை, மணி, சாம்பல் சத்துகளையும் மண்ணின் அமிலத் தன்மையையும்தான் அது சொல்லும், ஆர்செனிக்கைச் சொல்லாது. அதைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

மற்றப் பழைய மரங்களும் அப்படியே வாங்கத் தக்கவை அல்ல. கூரை வார்க்கும்போது அடித்த சென்ட்ரிங் பலகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் கலவை ஒட்டாமலிருக்க அதில் பூசியது பெரும்பாலும் வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெய். இடித்த வீட்டின் கதவு ஜன்னலில் பல அடுக்குப் பெயிண்ட் இருக்கும்; பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 இறுதியில்தான். முன்னாளில் கரையானுக்காக உத்தரத்தில் பூசிய ஆல்ட்ரின், குளோர்டேன் போன்றவை இன்று தடை செய்யப்பட்ட மருந்துகள். பீன்யாவின் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேலட் மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி. என்ற எழுத்தும் இருந்தால் அது வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தியது. எண்ணெய்க் கறை இல்லாமல் சுத்தமாக இருந்தால் பயன்படுத்தலாம். எம்.பி. என்றிருந்தால் புகைமருந்து போட்டது, விட்டுவிடலாம்.

ஏற்கனவே கட்டியிருந்தால்

கட்டிவிட்டவர்கள் இன்றிரவே கடப்பாரையைத் தூக்க வேண்டியதில்லை. கிரியோசோட் கட்டையாக இருந்தால், வசதிப்படும்போது பெயர்த்து எடுத்து, வேலிக் காலாகவோ, கை படாத இடத்தில் மண் சரியாமல் தாங்கும் கட்டையாகவோ, பூச்செடி வரிசைக்கு எல்லையாகவோ வைத்துவிடலாம். உட்காரும் பெஞ்சாக்க வேண்டாம். பச்சை மருந்து மரமாக இருந்து உடனே மாற்ற முடியாவிட்டால், மரத்தை ஒட்டிய அரையடி மண்ணை எடுத்துவிட்டு, உட்பக்கம் கனத்த பாலிதீன் தாளை வைத்து மறைத்து, புது மண் நிரப்ப வேண்டும். அடியில் தாள் விரிக்கக் கூடாது. தண்ணீர் இறங்க வழி வேண்டும். எடுத்த மண்ணை வேறு காய்கறிச் செடிக்குப் போட வேண்டாம். ஓரத்தில் பூச்செடி வைத்து, நடுவில் தக்காளி, வெண்டை வைக்கலாம். கிழங்கு வகைகளும் கீரையும் அந்தப் பாத்திக்கு வேண்டாம்.

கல் இருக்கக் கட்டை எதற்கு?

உண்மையில் இந்த ஊரில் மரத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மேல்நாடுகளில் மரம் மலிவு, கல் அரிது. ஆகவே அவர்கள் மரத்தில் பாத்தி கட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நாமும் மரத்தைத் தேடுகிறோம். பெங்களூரோ பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். கோலார், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வயல்களுக்கு வேலியாக நட்டிருக்கும் நீளமான கற்பலகைகளை ஊருக்குப் பஸ்ஸில் போகும்போது பார்க்காதவர் இல்லை. அந்தக் கல்லை நெடுக்காகப் படுக்க வைத்துப் பாதி புதைத்தால் அதுவே பாத்திச் சுவர். மக்காது, கரையான் தின்னாது, நஞ்சும் கக்காது. அஸ்திவாரத்துக்கு வாங்கி மிஞ்சிய சைஸ் கல், செங்கல், சாலிட் பிளாக் எது இருந்தாலும் போதும். கலவை போட்டுப் பூச வேண்டாம். வெறுமனே அடுக்கினால் தண்ணீர் கசிய இடம் கிடைக்கும். புது சிமெண்ட் பிளாக்காக இருந்தால் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மண் நிரப்புவது நல்லது. இல்லாவிட்டால் அதன் சுண்ணாம்புக் காரம் ஓரத்துச் செடிகளை வாட்டும்.

மரம்தான் வேண்டும் என்பவர்கள் மருந்தேற்றாத சில்வர் ஓக் பலகையோ யூகலிப்டஸ் கம்போ வாங்கலாம். குடகிலும் சிக்மகளூரிலும் காப்பித் தோட்டத்து நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் பலகையாகக் கிடைக்கும். இங்குள்ள செம்மண்ணில் கரையான் அதிகம். இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கினாலே பெரிது. மக்கினால் அதுவும் எருதான். வேறு பலகை மாற்றிக்கொள்ளலாம்.

சுவரே இல்லாமலும் மேட்டுப் பாத்தி உண்டு. ஊரில் வெங்காயத்துக்கும் மஞ்சளுக்கும் மேட்டுப் பாத்தி போட்ட தாத்தா எந்தக் கட்டையை வாங்கினார்? மண்ணைக் கூட்டி, இரு பக்கமும் சரிவாகத் தட்டி விட்டார். அவ்வளவுதான். சரிவில் புதினாவோ கொத்தமல்லியோ வைத்தால் அதன் வேரே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆடி மழையில் கொஞ்சம் கரையும். திரும்ப அள்ளிப் போட வேண்டியதுதான்.

அகலம் நாலடிக்கு மேல் வேண்டாம். இரு புறமும் நின்று கையை நீட்டினால் நடு வரை எட்ட வேண்டும்; உள்ளே கால் வைத்து மண்ணை மிதிக்கக் கூடாது. எட்டடிக்கு நாலடி, ஓரடி உயரம் என்றால் 32 கன அடி மண் வேண்டும். அடியில் காய்ந்த இலை தழைகளைப் பரப்பி, மேலே இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், கொஞ்சம் ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க் கழிவு கலந்து நிரப்பலாம். புது மண் முதல் மழையில் மூன்று நான்கு அங்குலம் அமுங்கும். ஆகவே விளிம்பு வரை நிரப்பி, ஒரு வாரம் நனைத்து விட்டு, பிறகு விதைப்பது நல்லது. சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. மூன்று வாரத்தில் முதல் பிடுங்கல் வரும்.